துரைமார் இளைப்பாறப் போட்ட சாலை

(சிங்கப்பூரில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மலைச்சாலை ஒன்றின் வரலாற்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டதும், "ஊட்டிதானே?" என்றார் என் நண்பர். ஊட்டியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் பள்ளி விடுமுறை வந்தால் வூட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை பிடித்து நின்று, விடிய விடிய பேருந்தில் உட்கார்ந்து நாம் போய்ச் சேரும் மலேசியாவின் கேமரன் மலைக்கு ஒரு சாலை இருக்கிறதே, அதைப் பற்றிப் பேச யாரும் வருவதில்லை. தாப்பாவில் தொடங்கி ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஏறுகிற பாதை. தானா ராத்தா வரைக்கும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சாலை எப்படி நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியும். கையில் பிளாஸ்டிக் பை, நெற்றியில் கோடாலித் தைலம். (சிரிப்பு)

அந்தத் தைலம் நம்ம சிங்கப்பூர்ச் சரக்கு. 1928இல் இங்கே பிறந்தது. அதே காலத்தில்தான் அங்கே மலையில் பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தைலத்துக்கும் சாலைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஒன்று இல்லாமல் மற்றதில் என்னால் போக முடிவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தச் சாலை எதற்காகப் போடப்பட்டதோ அதற்காக அது பெரிதாகப் பயன்படவே இல்லை. வேறு ஒன்றுக்குப் பயன்பட்டது. அதனால்தான் பிழைத்தது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

1885ஆம் ஆண்டு. வில்லியம் கேமரன் என்று ஒரு நில ஆய்வாளர். அவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது நீரிணைக் குடியேற்ற அரசாங்கம். அதன் தலைமையிடம் சிங்கப்பூர். ஆக, அந்த மலைக்கு அந்தப் பெயர் வந்த கதையே இந்தத் தீவிலிருந்துதான் தொடங்குகிறது. பேராக் மாநிலமும் பகாங் மாநிலமும் சந்திக்கிற மலைத்தொடரில் அலைந்தபோது, உயரத்தில் மென்மையான சரிவும் சமதளமுமாக ஓர் இடத்தைக் கண்டதாக அவர் எழுதி வைத்தார். அவர் "கண்ட" இடத்தில் பூர்வகுடிகளான செமாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அப்போது பேராக்கில் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்தவர் ஹியூ லோ. அங்கே ஓர் ஆரோக்கிய வாசஸ்தலம் அமைக்கலாம் என்று அவருக்கு ஆசை. ஆசை ஆசையாகவே நின்றது. ஓராண்டு ஈராண்டு அல்ல, நாற்பது ஆண்டு நின்றது. ஒத்தையடிப் பாதைக்கு மேல் எதுவும் வரவில்லை.

ஏன் வரவில்லை? காசு இல்லாமல் இல்லை. காசு எங்கே விளைந்ததோ அங்கே சாலை போனது. மலையின் அடிவாரத்தில் பாத்தாங் பாடாங் வட்டாரம் முழுக்க ஈயலம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள். 1893லேயே தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சன் துறைமுகத்துக்கு இரயில் பாதை போட்டுவிட்டார்கள். இன்றைக்குத் தெலுக் இந்தான் என்கிறோம் இல்லையா, அதே ஊர்தான். ஈயத்தைக் கப்பலில் ஏற்ற இரயில் உண்டு. குளிர்காற்று வாங்க யார் சாலை போடுவார்கள்? குளிர்காற்றை எடை போட்டு விற்க முடியாதே.

பிறகு வந்தது கித்தா, அதாவது ரப்பர். மோட்டார் கார் பெருகப் பெருக ரப்பரின் விலை ஏறியது, இறங்கியது. 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்து உற்பத்தியைக் கட்டுப்படுத்தினார்கள். 1925இல் விலை எகிறியது. பேராக், பகாங் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களின் கஜானா நிறைந்தது. அப்போது தலைமைச் செயலாளராக இருந்தவர் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல். அதே 1925இல் அவர் மலைக்குப் போய் இடத்தைப் பார்த்தார். இங்கே ஒரு மலை வாசஸ்தலம் வரவேண்டும் என்று முடிவு செய்தார். ஆண்டைக் கவனியுங்கள். ரப்பர் விலை உச்சத்தில் இருந்த அதே ஆண்டு. கேமரன் பார்த்தபோது வராத சாலை, ரப்பர் பார்த்தபோது வந்தது.

நோக்கம் என்ன? வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் தோட்டத்துத் துரைமாருக்கும் மலாயாவின் வெயில் தாங்கவில்லை. உடம்பு தேற இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினால் மாதக்கணக்கில் ஆள் இல்லை, செலவும் அதிகம். இந்தியாவில் ஊட்டி இருக்கிறது, இலங்கையில் நுவரெலியா இருக்கிறது, மலாயாவுக்கு அந்த அளவில் ஒன்று வேண்டும். கோல்ஃப் மைதானம், பங்களா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ரோஜாத் தோட்டம். திட்டம் இதுதான். தேயிலையும் முட்டைக்கோசும் அதன் தலைப்பில் இல்லை. சோதனைக்காக ஒரு விவசாய நிலையம் வைத்தார்கள், அவ்வளவே.

1920களின் பிற்பாதியில் வேலை தொடங்கியது. 1930ஐ ஒட்டி வண்டி மேலே போனது.

இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் இதை நாம் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறோம். தாப்பா கிட்டத்தட்டக் கடல்மட்டம். தானா ராத்தா 1,440 மீட்டர். 60 கிலோமீட்டரில் சுமார் 1,400 மீட்டர் ஏற வேண்டும். கணக்குப் போட்டால், சராசரியாக 43 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற்றம். மிகவும் சாதுவான ஏற்றம். அன்றைய லாரிக்கு அதற்கு மேல் மூச்சு இல்லை. ஏற்றம் சாதுவாக இருக்கவேண்டுமானால் தூரம் நீள வேண்டும். தூரம் நீள வேண்டுமானால் மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புகுந்து வெளியே வரவேண்டும். அதனால்தான் இந்தச் சாலையில் ஊட்டியின் கல்லட்டி மலைப்பாதை மாதிரி கொண்டை ஊசி வளைவுகள் முக்கியமல்ல. இடது, வலது, இடது, வலது என்று முடிவே இல்லாத சின்னச் சின்ன வளைவுகள். நம் வயிற்றைப் புரட்டுவது அந்தக் காலத்து என்ஜினின் பலவீனம்தான். உங்கள் பிள்ளை அடுத்த முறை வாந்தி எடுத்தால் 1920களின் லாரியைத் திட்டுங்கள்.

மலைச்சாலைக்குப் பாறை எதிரி அல்ல. பாறையை ஒரு முறை உடைத்தால் போதும். தண்ணீர்தான் எதிரி. மலைப்பக்கம் ஒரு கால்வாய் வெட்டி, மழைத்தண்ணீர் சாலையைத் தொடாமல் ஓடவிட்டு, அங்கங்கே சாலைக்கு அடியில் குழாய் வைத்துப் பள்ளத்தாக்குப் பக்கம் இறக்கிவிட வேண்டும். அந்தக் கால்வாயில் நாலு மரக்கிளையும் இலையும் அடைத்தால் போதும், தண்ணீர் சாலைமேல் ஏறும், ஓரத்தை அரிக்கும், ஒரு நாள் பாதிச் சாலை பள்ளத்தில் இருக்கும். ஆகவே சாலை போட்டு முடித்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. தினமும் ஒரு கூட்டம் அந்தக் கால்வாயைத் தூர்வார வேண்டும், புல் வெட்ட வேண்டும், சரிந்த மண்ணை அள்ள வேண்டும்.

அந்தக் கூட்டம் யார்? மலாயாவின் பொதுப்பணித்துறையிலும் இரயில்வேயிலும் உடலுழைப்பு வேலையில் பெரும்பகுதி நம்மவர்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று கிளம்பி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி வந்தவர்கள். சாலையோரம் அங்கங்கே லயம் கட்டி, ஒரு மண்டோரின், அதாவது மேற்பார்வையாளரின் கீழ் பத்துப் பதினைந்து பேரைக் குடும்பத்தோடு குடிவைத்துவிடுவார்கள். இந்த மைலிலிருந்து அந்த மைல் வரை உன் பாடு. ஆண்கள் மண்வெட்டி பிடித்தார்கள், பெண்கள் கூடை சுமந்தார்கள், ஜல்லி உடைத்தார்கள். சாலையை நம் முன்னோர் "சடக்கு" என்று சொன்னார்களே, அந்தச் சடக்கு அவர்கள் கையிலிருந்து வந்தது. மலைக்காய்ச்சல் என்கிற மலேரியா அவர்களைத்தான் முதலில் பிடித்தது, துரையை அல்ல.

மலைக்குக் கேமரன் பெயர் இருக்கிறது. அருவிக்கு ராபின்சன் பெயர் இருக்கிறது. கால்வாய் தூர்வாரியவர்களின் பெயர் ஒன்றுகூட எந்த மைல்கல்லிலும் இல்லை. இதை நான் புலம்பலாகச் சொல்லவில்லை. கால்வாய் இன்னும் இருக்கிறது. கோயில் இருக்கிறது. பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி நிற்கிறார். குன்று கண்ட இடத்தில் குமரனை வைத்தவன் தமிழன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கதை திரும்புகிற இடம். சாலை முடிகிற நேரம் பார்த்து உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. தோட்டக் கூலியாக 1928இல் ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதையும் வெட்டினார்கள். 1930க்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். வேலை இருக்கும்போது "வா", இல்லாதபோது "போ". அந்த நிலையில் துரைமாருக்குக் குளிர் பங்களா கட்ட யாரிடம் பணம்? சில பங்களாக்கள் எழுந்தன, கோல்ஃப் மைதானம் வந்தது, 1937இல் ஸ்மோக்ஹவுஸ் விடுதி திறந்தது. மலாயாவின் ஊட்டி என்று பேசிய பேச்சு அந்த அளவில் நின்றது.

சாலை மட்டும் மிச்சம். போட்ட சாலையைச் சும்மா விட முடியுமா?

ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸல் என்கிற வியாபாரி 1929இல் "போ" என்ற பெயரில் தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பார்த்த மில்ன் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். செங்குத்தான காட்டை ஒரு நீராவி உருளை, கோவேறு கழுதைகள், நிறைய ஆட்கள் என்று வைத்துக்கொண்டு தேயிலைச் சரிவாக மாற்றினார்கள் என்பது அந்தத் தோட்டத்தின் பழைய கதை. "நிறைய ஆட்கள்" என்றால் யார் என்று மறுபடி சொல்லத் தேவையில்லை. ரஸல் 1933இல் இறந்துபோனார். தோட்டம் நிலைத்தது. அதே 1930களில் வட இந்தியக் குடும்பம் ஒன்று தொடங்கிய பாரத் தேயிலையும் வந்தது. இன்று சாலையோரம் கேமரன் வேலி என்று பலகை வைத்து நமக்குத் தேநீர் தருகிறார்களே, அவர்கள்தான்.

தேயிலைக்கு ஏன் சாலை அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். இரண்டு இலை ஒரு குருத்து என்று கிள்ளிய கொழுந்து கூடைக்குள் சூடேறத் தொடங்கிவிடும். அன்றைக்கே ஆலையில் வாட்டுத் தட்டில் பரப்ப வேண்டும். ஆகவே ஆலை மலைமேலேயே இருந்தாக வேண்டும். ஆலை மேலே என்றால் இயந்திரம் மேலே போக வேண்டும், விறகும் எண்ணெயும் அரிசியும் மேலே போக வேண்டும், தேயிலைப் பெட்டி கீழே வர வேண்டும். கழுதை முதுகில் தேயிலை உருட்டும் இயந்திரம் ஏறாது. சாலை இல்லாமல் தேயிலை இல்லை.

காய்கறிக்கும் அப்படியே. சீன விவசாயிகள் அந்தச் சாலை வழியாகவே ஏறிப் படிப்படியாக நிலம் திருத்தினார்கள். முட்டைக்கோசு, கீரை, தக்காளி. சமவெளியின் வெயிலில் விளையாதவை. மாலையில் லாரி கிளம்பினால் மறுநாள் விடியற்காலை நம்ம பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் மூட்டை இறங்கும். தேக்காச் சந்தையில் நாம் பேரம் பேசுகிற கோசுக்குள் இந்தச் சாலையின் வளைவுகள் இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த சண்டை. 1948 முதல் 1960 வரை. காடும் வளைவும் நிறைந்த ஒற்றைச் சாலை, பதுங்கித் தாக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மேலே போகிற வண்டிகள் படை வண்டிகளின் காவலோடு சாரை சாரையாகத்தான் போகும். தானா ராத்தாவில் 1951இல் ஸ்லிம் பள்ளி என்று பிரிட்டிஷ் இராணுவத்தார் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி திறந்தார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய படைவீரர்களின் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். தஞ்சோங் பகாரில் இரயில் ஏறி, தாப்பா ரோட்டில் இறங்கி, கவச வண்டிக்குள் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவதென்றால் எப்படி இருக்கும்! துரைமார் ஓய்வுக்கு என்று போட்ட சாலை, அவர்கள் பிள்ளைகள் துப்பாக்கிக் காவலில் போகிற சாலை ஆயிற்று. 1964இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது.

அதற்கடுத்து மின்சாரம். இது எனக்குப் பிடித்த பகுதி. கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே பிறக்கிற பெர்த்தாம் ஆறு இயல்பாகக் கிழக்கே, பகாங் பக்கம் ஓடும். 1960களில் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையைக் கட்டி, அந்தத் தண்ணீரை மலையைக் குடைந்து சுரங்கம் வழியாக மேற்கே பேராக் பக்கம் இறக்கி, ஜோரில் மின்சாரம் எடுத்தார்கள். ஆள் போகிற வழியும் பேராக், தண்ணீர் போகிற வழியும் பேராக். பெயருக்குத்தான் பகாங். பகாங்காரர் தம் மாநிலத்து மலைக்குப் போக அடுத்த மாநிலத்துக்குள் நுழைந்து சுற்றி வரவேண்டியிருந்தது, பல பத்தாண்டுகள்.

அந்த நீர்மின் திட்டத்தில் 1964இல் வேலை எடுத்த ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் லிம் கோ தோங். இரவில் அந்தக் குளிர்காற்று பட்டபோது அவருக்கு ஒரு யோசனை. கேமரன் மலை கோலாலம்பூரிலிருந்து ரொம்பத் தூரம், பக்கத்தில் இப்படி ஒரு மலை இருந்தால்? தேடிப் பிடித்தது உலு காலி. சொந்தச் செலவில் சாலை போட்டார். கெந்திங் என்ற சூதாட்ட விடுதி மலை பிறந்தது. கேமரன் மலையின் பெரிய போட்டியாளர் கேமரன் மலையின் காற்றில்தான் கருக்கொண்டார்! கெந்திங்குக்குப் போகிற நம் மாமா, சித்தப்பாக்கள் என்ன ஆனார்கள், எவ்வளவு விட்டுவிட்டு வந்தார்கள் என்பது வேறொரு சொற்பொழிவு. (சிரிப்பு)

ஜிம் தாம்சன் கதையைச் சொல்லாமல் விட்டால் கேள்வி நேரத்தில் கேட்பீர்கள். தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகறியச் செய்த அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. சிங்கப்பூர்த் தம்பதி ஒருவருக்குச் சொந்தமான பங்களாவில் தங்கியிருந்தவர், பிற்பகலில் நடக்கக் கிளம்பினார், திரும்பவில்லை. இராணுவம், போலீஸ், செமாய் வழிகாட்டிகள் எல்லோரும் தேடினார்கள். ஒரு சட்டைப் பித்தான்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு அந்த மர்மத்தில் பெரிய ஆர்வமில்லை. ஆனால் மலையை உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுபோனது தேயிலை அல்ல, ஒரு மனிதன் தொலைந்துபோனது என்பது வேடிக்கைதான்.

ஊர்களைப் பற்றி. தாப்பா அடிவாரத்து ஊர். ஏறுவதற்கு முன் பசியாறுகிற இடம், இறங்கிய பிறகு மூச்சு விடுகிற இடம். அங்கிருந்து சில மைல் போனால் லாத்தா இஸ்கந்தர் அருவி. பழைய லாரிகள் கொதித்துப் போகும் பாதையில் தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம் நிறுத்தம்தான். அந்த வட்டாரத்தில் செமாய் மக்கள் பெத்தாய் என்கிற காட்டு அவரைக் கொத்துகளும் காட்டுத் தேனும் வைத்து விற்பார்கள். ரிங்லெட் மலையின் வாசல். விவசாயிகளின் ஊர், சுற்றுலாப் பயணிகள் சன்னலைக்கூடத் திறக்காமல் கடந்துபோகிற ஊர். எனக்கு மலையில் பிடித்த ஊர் அதுதான், ஏனென்றால் அங்கே யாரும் நமக்காக வேடம் போடவில்லை. தானா ராத்தா அதிகாரிகளின் ஊராகப் பிறந்தது, இன்னும் அரசாங்க அலுவலகங்களும் மருத்துவமனையும் அங்கேதான். பிரிஞ்சாங் வயதில் இளையது, ஹோட்டல்களின் கூட்டம், சனிக்கிழமை மாலை சாலையில் கார் நகராது.

இந்த ஊர்களுக்கு லாபம் மட்டும் வரவில்லை, நஷ்டமும் வந்தது. மேலே காட்டை வெட்டிப் பிளாஸ்டிக் கூரைத் தோட்டங்கள் பெருகப் பெருக, மழையில் மண் கரைந்து ரிங்லெட் ஏரிக்கு வந்தது. ஏரி தூர்ந்தது. தண்ணீர் கொள்ள இடமில்லை. 2013 அக்டோபர் 23 அதிகாலை, பலத்த மழையில் அணையின் மதகைத் திறந்தார்கள். கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளுக்குள் சேறும் நீரும் புகுந்தது. உயிர்கள் போயின. தண்ணீர்தான் எதிரி என்று முன்பு சொன்னேனே, சாலை போட்டவனுக்குத் தெரிந்த பாடம் நிலம் வெட்டியவனுக்குத் தெரியாமல் போயிற்று.

நம்மவர்கள் இப்போது அங்கே எப்படி? போ, சுங்கை பாலாஸ், புளூ வேலித் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. ஆனால் சரிவில் கொழுந்து எடுப்பவர் பெரும்பாலும் பங்களாதேசத்தவர், நேப்பாளத்தவர். கையால் கிள்ளுவதும் குறைந்துவிட்டது. கத்தரிக்கோலில் தட்டு மாட்டி வெட்டுகிறார்கள், இரண்டு பேர் பிடிக்கிற இயந்திரமும் வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்து ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இறங்கிவிட்டார்கள். இந்த அரங்கிலேயே அப்படிச் சிலர் இருப்பீர்கள். தாத்தா ஏறிய அதே சாலையில் பேரன் இறங்கினான், நல்லதுதான். அரசியலிலும் அதன் சாயல் தெரிகிறது. 2004 முதல் நடந்த பொதுத்தேர்தல்களில் கேமரன் மலைத் தொகுதிக்கு வரிசையாகத் தமிழர்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்கள். 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ரம்லி முகமது நூர் வென்றார். நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினர் அவர். கேமரன் "கண்ட" நாளிலிருந்து கணக்கிட்டால் 134 ஆண்டு.

இப்போது புதிய வழி வந்துவிட்டது. ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு அகலமான சாலை. வளைவு குறைவு, வயிற்றுக்கு நல்லது. பேருந்துகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. முன்பு மலையின் கடைசி ஊராக இருந்த கம்போங் ராஜா இன்று முதல் ஊர். தாப்பாவின் காப்பிக்கடைகளுக்குக் கூட்டம் குறைந்துவிட்டது. கடைசி வாசல் முன்வாசல் ஆனால் பழைய முன்வாசலில் இருந்தவன் கதி அதுதான்.

டிசம்பரில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. தாப்பா வழியாக ஏறுங்கள், சிம்பாங் பூலாய் வழியாக இறங்குங்கள். ஏறும்போது வயிறு காலியாக இருக்கட்டும், முன் இருக்கையில் உட்காருங்கள், பகலில் போங்கள். மழைக்காலம், மண்சரிவு உண்டு, கிளம்பும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் சொல்லி ரிங்லெட்டுக்கு முன்னால் எங்கேயாவது ஓரங்கட்டி நிறுத்தி, மலைப்பக்கத்துக் கால்வாயை ஒரு முறை எட்டிப் பாருங்கள். தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் சாலை பத்திரம். இலை அடைத்துக் கிடந்தால் அங்கே அதிக நேரம் நிற்காதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று அமைப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். வாந்தி வராமல் இருக்க என்ன வழி என்பதைத் தவிர எதை வேண்டுமானாலும் கேளுங்கள். நன்றி.